பேரிடரில் தொண்டரும் செய்தியும்: மும்பை நகரின் அனுபவம்

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் மும்பையில் இரண்டு மழைமானிகள் இரு வேறு கதைகளைக் கூறின. நகரின் வடபகுதியிலுள்ள சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில், மறுநாள் காலை 8-30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். தென்முனையிலுள்ள கொலாபா நிலையத்தில் அதே காலத்தில் பதிவானது 73 மில்லிமீட்டரே. இரு நிலையங்களுக்கும் இடையேயுள்ள தூரம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். சென்னை நகரம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் ஓரிடத்தில் கொட்டிக் கொண்டிருந்தது. தென் மும்பையில் அலுவல் பார்த்துக் கொண்டிருந்தவர்களோ, வழக்கமான பருவமழை நாளென்றே கருதி மாலையில் வீடு நோக்கிப் புறப்பட்டனர். அவர்களிற் பலர் அன்றிரவைப் பேருந்துகளின் கூரைமீதும், இடுப்பளவு நீரிலும், முன்பின் அறியாதவர்களின் வீட்டுத் திண்ணைகளிலும் கழிக்க நேர்ந்தது.

விஹார், பவாய் ஆகிய ஏரிகளின் மிகைநீரை ஏந்தி ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, மாகிம் கழிமுகத்தில் கடலோடு கலப்பது மித்தி ஆறு. இதன் தென்கரையில் அமைந்துள்ளது தாராவி. நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைக் கடத்தும் அளவிற்கே, அதுவும் கடல் தாழ்ந்திருக்கும் வேளையைக் கணக்கிற் கொண்டே, அமைக்கப்பட்டவை. அன்று பிற்பகல் 3-50 மணிக்குக் கடலேற்றம் 4.48 மீட்டரை எட்டியது. வடியவேண்டிய நீர் வடிய வழியின்றித் திரும்பியது. ஆண்டுதோறும் நீர் தேங்கும் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் போன்ற தாழ்விடங்களைப் பற்றிக் கூற வேண்டியதில்லை.

அன்றிரவு தொண்டருக்குப் பஞ்சமில்லை. சாலையோரக் குடிசைவாசிகள் தேநீரும் பிஸ்கோத்தும் கொடுத்தனர். பள்ளிகளும் கோயில்களும் மசூதிகளும் கதவைத் திறந்து வைத்தன. இளைஞர்கள் கயிறு கட்டி மக்களைக் கரை சேர்த்தனர். பஞ்சம் செய்திக்குத்தான் ஏற்பட்டது. எந்தத் தெருவில் எவர் சிக்கியுள்ளனர், எங்கே உதவி சென்றுவிட்டது, எங்கே செல்லவில்லை என்பதை ஒரே இடத்தில் அறிந்தவர் ஒருவரும் இல்லை. இக்கட்டுரை அந்தக் குறையைப் பற்றியும், அதனைப் போக்க இருபதாண்டுகளாக மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளைப் பற்றியும் ஆராய்கிறது.

தொலைபேசி ஊமையாவது ஏன்?

கைப்பேசி கம்பியில்லாச் சாதனமாயினும், அதன் கம்பியற்ற பகுதி நம் கையிலிருந்து அருகிலுள்ள கோபுரம் வரையில்தான். கோபுரத்திற்கு மின்சாரம் வேண்டும். அங்கிருந்து அப்பால் செய்தி பெரும்பாலும் மண்ணிற் புதைந்த இழைகள் வழியே செல்லுகிறது. நகரின் புறப்பகுதிகளில் வெள்ளம் புகுந்தபோது, உயிர்ச்சேதத்தைத் தவிர்க்க மின்சாரம் நிறுத்தப்பட்டது. அது சரியான செயலே. எனினும் கோபுரங்களின் மின்கலங்கள் சில மணி நேரமே தாங்கின.

மற்றொரு காரணமும் உண்டு. சந்தாதாரர்களில் ஒரு சிறு பகுதியினரே ஒரு சமயத்தில் பேசுவர் என்ற கணக்கில்தான் ஒவ்வொரு கோபுரமும் அமைக்கப்படுகிறது. நான்கு கப்பிகள் உள்ள ஊர்க் கிணற்றுக்கு ஊரே ஒரு நாழிகையில் குடத்தோடு வந்து நின்றால் என்னவாகுமோ, அதுவே பேரிடர் நேரத்தில் கோபுரத்தின் நிலை. குறுஞ்செய்தி ஓரளவு தப்பிப் பிழைக்கிறது. அது தனிப் பேச்சுவழியைப் பிடித்து வைத்துக் கொள்வதில்லை. அஞ்சற்பெட்டியில் இட்ட கடிதத்தைப்போல் நிலையத்தில் காத்திருந்து, இடம் கிடைத்ததும் போய்ச் சேருகிறது. ஆகவே களப்பணியாளர் நெருக்கடி வேளையில் அழைப்பதைவிடச் சுருங்க எழுதி அனுப்புவது தமக்கும் நல்லது, அடுத்தவருக்கும் நல்லது.

கோபுரமே இல்லாதபோது உதவுவது அமெச்சூர் வானொலி. இதற்கு நம் நாட்டில் மறக்கவொண்ணாத சான்று உண்டு. 2004 டிசம்பரில் ஹைதராபாதிலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிலையத்தின் குழுவொன்று திருமதி பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. பல ஆண்டுகளாக அமெச்சூர் ஒலிபரப்பு நிகழாதிருந்த அந்தமானிலிருந்து உலகெங்குமுள்ள வானொலி ஆர்வலருடன் தொடர்பு கொள்வதே அவர்கள் நோக்கம். டிசம்பர் 26-ஆம் நாள் காலை நிலம் அதிர்ந்தது, ஆழிப்பேரலை தொடர்ந்தது, தீவுகளின் தொலைபேசித் தொடர்பு குலைந்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டு செல்லப்பட்ட அதே கருவிகள், உறவினரின் நலம் விசாரித்த மக்களின் செய்திகளையும் அரசு அலுவலரின் செய்திகளையும் தலைநிலத்திற்குச் சுமந்தன.

இதன் தத்துவம் எளிது. 7 அல்லது 14 மெகாஹெர்ட்ஸ் அளவிலான சிற்றலைகள் வானில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குகின்றன. இடையே கோபுரம் தேவையில்லை. மோட்டார் வண்டியின் 12 வோல்ட் மின்கலமும், 7 மெகாஹெர்ட்ஸுக்கு இரு மரங்களிடையே கட்டிய ஏறத்தாழ 20 மீட்டர் நீளக் கம்பியும் போதும். மத்திய அரசு நடத்தும் தேர்வில் வென்ற எவரும், பன்னிரண்டு வயது நிரம்பிய மாணவர் உட்பட, உரிமம் பெறலாம். நம் உயர்நிலைப் பள்ளிகளில் ஆயிரத்தில் ஒன்றிலேனும் இத்தகைய நிலையம் உண்டா என்பது ஐயமே. வருந்தத்தக்க நிலை இது.

நாகப்பட்டினத்துத் துணி மூட்டைகள்

அதே ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் சென்றவர்கள் சாலையோரங்களில் பழந்துணிகள் குவிந்து கிடந்த காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். நாடெங்கிலுமிருந்து அன்போடு அனுப்பப்பட்டவை அவை. கரையோர மக்களுக்கு அவை தேவைப்படவில்லை; சிலர் பிறர் உடுத்த துணியைப் பெறுவதை இழிவாகவும் எண்ணினர். லாரிகள் வந்து கொண்டே இருந்தன. மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆட்சியர் அலுவலகத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைத்து, எந்த நிறுவனம் எந்தக் கிராமத்தில் எந்தப் பணியைச் செய்கிறது என்று பதிவு செய்யத் தொடங்கிய பின்னரே குழப்பம் தணிந்தது.

இதே வேளையில் இலங்கையில் கணிப்பொறி வல்லுநர்களான தொண்டர்கள் சிலர் இப்பதிவேட்டையே மென்பொருளாக ஆக்கினர். சிங்கள மொழியில் நிவாரணம் எனப் பொருள்படும் ‘சகானா’ என்ற பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. காணாமற் போனோர் பட்டியல், முகாம்களின் பட்டியல், தொண்டு நிறுவனங்களின் பட்டியல், தேவைகளின் பட்டியல் என இதன் பகுதிகள் அமைந்தன. இலவசமாக வெளியிடப்பட்டமையால் 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பின்னர்ப் பிற நாடுகளிலும் இது உபயோகப்பட்டது. 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது, கென்யாவில் பிறந்த ‘உஷாஹிடி’ என்னும் வரைபட மென்பொருள் அரங்கேறியது. ஹைட்டி மக்கள் 4636 என்ற எண்ணுக்குத் தம் மொழியில் அனுப்பிய குறுஞ்செய்திகளை, அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் குடியேறியிருந்த அந்நாட்டவர் மொழிபெயர்த்துக் கொடுத்தனர். இடிபாடுகளிலிருந்து கடல் கடந்து செய்தி போய், மொழி மாறி, இருப்பிடம் குறிக்கப்பட்டு மீண்டும் மீட்புக் குழுவினரிடம் வந்தது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது நம்மவரும் இதே வழியைக் கையாண்டனர். உதவி கோருவோரையும் உதவ முன்வருவோரையும் இணையவழி அட்டவணைகளில் குறித்து, வெள்ளம் சூழ்ந்த தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப் படத்தில் தொண்டர்கள் வரைந்தனர். நகருக்கு வெளியே, ஏன், நாட்டிற்கு வெளியே இருந்தவர்கள்கூட ஒவ்வொரு கோரிக்கையையும் தொலைபேசியில் சரிபார்த்தனர். பயனும் இருந்தது; ஒரு பெருங் குறையும் வெளிப்பட்டது. மீட்கப்பட்டுவிட்ட குடும்பத்தின் முறையீடு இரண்டு நாள் கழித்தும் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவிக் கொண்டிருந்தது. அதை நம்பி ஒரு படகு வீணே போகும் நேரத்தில், வேறொரு மாடியில் ஒருவர் காத்திருப்பார். செய்தி பிறக்கும் வேகத்திற்கு இணையாக அது முடிக்கப்படாவிடில், அச்செய்தியே ஒரு தடையாகிறது. தொழில்நுட்பம் பற்றிப் பேசுவோர் பலர் இதனைக் கவனிப்பதில்லை.

தாராவி, 2020

மீண்டும் மும்பைக்கு வருவோம். தாராவியின் பரப்பு ஏறத்தாழ இரண்டரை சதுர கிலோமீட்டர். மாநகராட்சிக் கணக்கின்படி அங்கு வாழ்வோர் சுமார் எட்டரை லட்சம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகப் பல தலைமுறைகளுக்கு முன் சென்று குடியேறிய தமிழர் இங்கு ஏராளம். மக்களில் ஐந்தில் நால்வர் பொதுக் கழிப்பிடங்களையே நம்பியுள்ளனர். பத்தடிக்குப் பத்தடி அறையில் எட்டுப்பேர் வாழும் இடத்தில், ‘விலகி இருங்கள்’ என்ற அறிவுரை எவ்வளவு பயன்படும் என்பதை வாசகர் ஊகித்துக் கொள்ளலாம்.

2020 ஏப்ரல் 1-ஆம் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். தாராவி, தாதர், மாகிம் ஆகியவை அடங்கிய ‘ஜி-வடக்கு’ வட்ட அலுவலகம், நோயாளி வரும்வரை காத்திராது நோயைத் தேடிச் செல்வதென முடிவு செய்தது. இதற்கு மாநகராட்சி ஊழியர் மட்டும் போதாது. அப்பகுதியிலேயே நெடுநாளாகத் தொழில் நடத்திவந்த தனியார் மருத்துவர்கள் தங்கள் சங்கத்தின் வாயிலாக முன்வந்தனர். அவர்களைக் குடும்பங்கள் முகமறிந்து பெயரறிந்து பழகியிருந்தன. காய்ச்சல் உண்டென்று சொன்னால் இழுத்துச் சென்றுவிடுவர், அண்டை வீட்டார் ஒதுக்கிவிடுவர் என்று அஞ்சிக் கதவைச் சாத்தியவர்கள், தங்கள் குழந்தைக்கு மருந்து கொடுத்த டாக்டருக்குக் கதவைத் திறந்தனர். உடல் முழுவதும் மூடிய காப்புடையில் ஏப்ரல் வெயிலில் சந்து சந்தாக நடப்பது எளிதன்று. மருத்துவர்களும் தனியார் மருத்துவமனைகளும் ஏறத்தாழ 47,500 பேரைச் சோதித்தனர். பின்னர், வெப்பம் தாளாமையால் வீடுவீடாகச் செல்வது குறைந்து, காய்ச்சல் முகாம்களும் மருத்துவரின் சொந்த சிகிச்சை நிலையங்களும் அப்பணியை ஏற்றன.

இவர்கள் கையிலிருந்த கருவிகள் இரண்டே. ஒன்று தொடாமல் வெப்பம் அறியும் கருவி. உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை அளந்து அது வெப்பநிலையைக் கணிக்கிறது. வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றி பொய் சொல்லும். ஆகவே நிழலில் சிறிது நேரம் அமர்த்திய பின்னரே பார்த்தல் வேண்டும். மற்றது விரல்நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். இது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் மாறி மாறி விரலினுள் செலுத்துகிறது. பிராணவாயு ஏற்ற ஹீமோகுளோபினும் ஏற்காத ஹீமோகுளோபினும் இவ்விரு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. நாடித் துடிப்போடு ஏறியிறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுப்பதால், தமனி இரத்தத்தின் நிலை தெரிகிறது. 94 சதவீதத்திற்குக் கீழே போனவர் மூச்சுத் திணறல் இல்லை என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அனுப்பத்தக்கவர். விரல் குளிர்ந்திருந்தாலும் நகச்சாயம் பூசியிருந்தாலும் அளவு தவறும். கருநிறத் தோலுடையவரிடத்து இக்கருவி உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என 2020-இன் இறுதியில் அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக் காட்டியது. நம் நாட்டில் இதனைப் பயன்படுத்துவோர் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி.

அளந்த எண் சந்திலேயே நின்றுவிட்டால் பயனில்லை. தொடக்கத்தில் மும்பை நகரம் முழுவதற்கும் 1916 என்ற ஒரே எண்ணுள்ள கட்டுப்பாட்டு அறையே படுக்கை தேடுவோரின் அழைப்புகளைத் தாங்கியது. அது தாங்காமற் போகவே, 24 வட்டங்களிலும் தனித்தனியே ‘வார் ரூம்’ எனப்பட்ட அறைகள் அமைக்கப்பட்டன. சோதனைக் கூடங்களின் முடிவுகள் முதலில் மாநகராட்சிக்கு வந்து, முகவரி வாரியாகப் பிரிக்கப்பட்டு வட்டங்களுக்குச் சென்றன. வட்டத்து மருத்துவர் நோயாளியுடன் பேசி, படுக்கை தேவையா, தனிமை முகாம் போதுமா என்று தீர்மானித்து வண்டி அனுப்பினார். தன் வட்டத்துச் சந்துகளை அறிந்தவர் கையில் முடிவெடுக்கும் அதிகாரம் வந்தது. இதில் மின்னணு நுணுக்கம் அதிகமில்லை. காலியான படுக்கைகளின் எண்ணிக்கையை அனைத்து வட்டங்களும் ஒரே திரையில் காணும் ஏற்பாடு ஒன்று மட்டுமே புதிது. ஆயினும் இந்த மாறுதலையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

தாராவியில் நோயாளிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாக எடுத்துக் கொண்ட காலம் ஏப்ரலில் 18 நாள், மே மாதத்தில் 43 நாள், ஜூனில் 78 நாள் என நீண்டதாக மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. ஜூலை 10-ஆம் நாள் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைமை இயக்குநர் தம் உரையில் தாராவியைப் பெயர் கூறிக் குறிப்பிட்டார்.

விஞ்ஞான நோக்குடையோர் இவ்வெண்களோடு மற்றொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே ஜூலை மாதத்தில் மாட்டுங்கா அடங்கிய ‘எப்-வடக்கு’, செம்பூர் அடங்கிய ‘எம்-மேற்கு’, தஹிசர் அடங்கிய ‘ஆர்-வடக்கு’ ஆகிய மூன்று வட்டங்களில் நிதி ஆயோக், மாநகராட்சி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் ஆகியவை நடத்திய இரத்தச் சோதனை ஆய்வில், குடிசைப் பகுதி மக்களில் 57 சதவீதத்தினரிடமும் ஏனையோரில் 16 சதவீதத்தினரிடமும் நோய் வந்துபோன அறிகுறி காணப்பட்டது. தாராவி இந்த ஆய்வில் அடங்கவில்லையாயினும், அறிகுறியின்றிப் பலருக்கு நோய் கண்டு மறைந்திருக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது. பல்லாயிரம் தொழிலாளர் ஊர் திரும்பியதும் கணக்கிற் கொள்ளத்தக்கதே. எனவே எண்ணிக்கை குறைந்தது முழுவதும் தொண்டரின் திறமையால் என்று நாம் சொல்லத் துணியோம். தக்க நேரத்தில் படுக்கைக்குச் சென்று சேர்ந்த மூச்சுத் திணறியவர்களின் உயிரில் அவர்களுக்குப் பங்குண்டு என்பதில் ஐயமில்லை.

ஒரு குறையையும் ஒளிக்காமற் கூறுவோம். நோயாளிகளின் பெயரும் முகவரியும் அடங்கிய பட்டியல்கள் அக்காலத்தில் நாட்டின் பல இடங்களில் கைப்பேசிகளில் உலவின. ஒருவர் பெயர் அவ்வாறு வெளிப்பட்டால், பக்கத்து வீட்டுக்காரர் நோய்க்குறியை மறைக்கத் தொடங்குவார். பட்டியலைக் காப்பது மரியாதை மட்டுமன்று. நோய் தடுப்பு முறையும் ஆகும்.

இன்றுள்ள ஏற்பாடுகள்

2005 வெள்ளத்திற்குப் பின், மும்பையின் தீயணைப்பு நிலையங்களின் மாடிகளிலும் பிற இடங்களிலும் தானியங்கி மழைமானிகள் நிறுவப்பட்டு, கால் மணிக்கு ஒருமுறை அளவைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகின்றன. கொலாபாவையும் சாந்தாகுரூஸையும் மட்டும் பார்த்து நகரின் மழையை ஊகித்த காலம் போயிற்று. 2020 ஜூன் 12-ஆம் நாள் புவி அறிவியல் அமைச்சகமும் மாநகராட்சியும் சேர்ந்து ‘ஐ-ப்ளோஸ் மும்பை’ என்னும் வெள்ள முன்னறிவிப்பு முறையைத் தொடங்கின. மழை, ஆறு, கடலேற்றம் ஆகியவற்றை ஒருங்கே கணக்கிட்டு, நீர் தேங்கக்கூடிய இடங்களை 6 மணி முதல் 72 மணி நேரம் முன்னதாக இது சுட்டிக் காட்டும். கைப்பேசிக் கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே வேளையில் எச்சரிக்கை ஒலிக்கச் செய்யும் முறை 2023-இல் நாடெங்கும் சோதிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புவதில்லையாதலால், இதில் நெரிசல் என்பதே இல்லை.

எனினும் முன்னறிவிப்பு கடைசிச் சந்துவரை போய்ச் சேர மனிதர் தேவை. 2021 ஜூலை 18 அதிகாலையில் செம்பூர் வாஷி நாகாவின் பாரத் நகரில் மலைச்சரிவின் சுவர் இடிந்து வீடுகள்மீது விழுந்து பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வழி குறுகியதாதலால் பெரிய இயந்திரங்கள் செல்ல இயலவில்லை. முதலில் மண்ணைத் தோண்டியவர்கள் அக்கம்பக்கத்தினரே. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ‘ஆப்தா மித்ரா’ என்ற திட்டத்தின்கீழ் இத்தகைய அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவிக்கிறது. 2016-இல் 30 மாவட்டங்களில் மாவட்டத்திற்கு 200 பேர் என்று தொடங்கிய இத்திட்டம், பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்களைப் பயிற்றுவிக்கும் நோக்குடன் விரிவாக்கப்பட்டது.

பள்ளியில் செய்து பார்க்க

கருவி ஏதுமின்றியே ஆசிரியர்கள் இதனை வகுப்பில் நடத்தலாம். இருபது மாணவர் போதும். ஐவர் ஓர் அறையில் கட்டுப்பாட்டு நிலையமாக அமரட்டும். பத்துப்பேர் பள்ளியின் பல மூலைகளில் நின்று உதவி கோரட்டும். மற்ற ஐவர் தொண்டர்கள். ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு சீட்டில் எழுதப்படும். சீட்டில் வரிசை எண், நேரம், இடம், எத்தனை பேர், என்ன தேவை, செய்தியிலுள்ள சொற்களின் எண்ணிக்கை ஆகியவை இருத்தல் வேண்டும். சொற்களை எண்ணுவது வீண் வேலையன்று. வானொலியில் படிக்கும்போது ஒரு சொல் விடுபட்டால், கேட்பவர் எண்ணிப் பார்த்து உடனே கண்டுகொள்வார். தந்தி ஊழியர் கையாண்ட பழைய முறை இது. இடத்தைக் குறிக்கும்போது ‘கோயில் பக்கம்’ என்று எழுத விடாதீர்கள். எந்தக் கோயில் என்று மூன்றாமவர் கேட்கத் தேவையில்லாதபடி எழுதப் பழக்குங்கள்.

முதற் சுற்றில் உதவி முடிந்ததைக் குறிக்க ஏற்பாடு செய்யாதீர்கள். கால் மணி நேரத்தில் ஒரே மூலைக்கு மூன்று தொண்டர் போவதையும், இன்னொரு மூலைக்கு எவரும் போகாததையும் மாணவரே காண்பர். இரண்டாம் சுற்றில் சீட்டின் கடைசியில் ‘முடிந்தது, நேரம், முடித்தவர்’ என்று ஓர் இடம் விடுங்கள். உதவி பெற்றவரே அதில் கையெழுத்திட்ட பின்னரே சீட்டு ஆணியிலிருந்து எடுக்கப்படும் என்று விதி செய்யுங்கள். மூன்றாம் சுற்றில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு மாணவரை முன்னறிவிப்பின்றி வெளியே அழைத்து, அவரிடத்தில் புதியவரை அமர்த்துங்கள். சீட்டுகளை மட்டும் பார்த்து அப்புதியவர் பணியைத் தொடர முடிகிறதா என்று கவனியுங்கள். முடியவில்லையாயின் குறை சீட்டில் உள்ளது; அதனைத் திருத்தி மீண்டும் நடத்தலாம்.

மும்பையில் இப்பயிற்சிக்கு ஏற்ற காலம் பருவமழைக்கு முந்திய ஜூன் முதல் வாரம். தமிழகக் கரையோரப் பள்ளிகளில் செப்டம்பர் மாதத்தில் நடத்தலாம்.